ஸ்டார் ட்ரெக் விண்கப்பல்களின் எச்சரிக்கை நிலைகள்

எச்சரிக்கை நிலை என்பது, ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடர்களிலும் திரைப்படங்களிலும் வரும் விண்கப்பல்கள் ஆபத்தையோ வழக்கத்துக்கு மாறான பணியையோ எதிர்கொள்ளும்போது, கப்பல் முழுவதற்கும் அறிவிக்கப்படும் ஆயத்த நிலையாகும். இந்நிலைகள் பெரும்பாலும் நிறங்களின் பெயரால் அழைக்கப்படுகின்றன. மஞ்சள், சிவப்பு ஆகிய இரண்டும் 1966-இல் தொடங்கிய முதல் தொடரிலிருந்தே வழக்கில் உள்ளன. நீலம், சாம்பல், கருப்பு ஆகியவை பின்னர் வந்த தொடர்களில் சேர்ந்தவை.

இந்நிலைகளை ஆபத்தின் அளவைக் காட்டும் அளவுகோலாகப் பலர் புரிந்துகொள்கிறார்கள். அவற்றைக் கட்டளைகளாகப் பார்த்தால்தான் கதைகளில் அவற்றுக்குள்ள இடம் விளங்கும். "சிவப்பு எச்சரிக்கை" என்று கேப்டன் சொன்னவுடன், யார் எங்கே நிற்க வேண்டும், கப்பலின் ஆற்றல் எதற்குச் செல்ல வேண்டும், எந்த வேலை உடனே நிற்க வேண்டும் என்பன எல்லாம் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்தும் நிறங்களும் இத்தகையவையே. மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள் என்று பொருள்.

கட்டளை என்றால் அதற்கு ஒரு விலையும் உண்டு. எச்சரிக்கையை முன்கூட்டியே விடுத்தால் ஒரு வகை இழப்பு. தாமதித்தால் இன்னொரு வகை இழப்பு. ஸ்டார் ட்ரெக்கின் சிறந்த கதைகளில் சில இந்த இடைவெளியில்தான் நிகழ்கின்றன.

நிலைகளும் அவற்றின் பொருளும்

இயல்பு நிலை: கப்பல் வழக்கமாகப் பயணம் செய்யும் நிலை. பணியாளர்கள் முறை வைத்து வேலை செய்வார்கள். பணி முறையில் இல்லாதவர்கள் உறங்கலாம், உண்ணலாம், பொழுதுபோக்கலாம். ஆய்வுக்கூடங்கள் இயங்கும்.

மஞ்சள் எச்சரிக்கை: ஆபத்து வரலாம், ஆனால் உறுதியாகவில்லை என்ற நிலை. அடையாளம் தெரியாத கப்பல் நெருங்குவது, விளங்காத இயற்கை நிகழ்வு, பகைவரின் எல்லையோரப் பயணம் போன்றவை இதற்குக் காரணமாகும். உணர்கருவிகளைக் கவனிப்பவர்கள் கூடுதல் விழிப்புடன் இருப்பார்கள். தேவைப்பட்டால் சில நொடிகளில் அடுத்த நிலைக்குச் செல்லும்படி கப்பல் ஆயத்தமாகும்.

சிவப்பு எச்சரிக்கை: மிக உயர்ந்த நிலை. தாக்குதல் நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது, அல்லது கப்பலே அழியும் ஆபத்தில் உள்ளது என்று பொருள். பாதுகாப்புக் கவசங்கள் எழுப்பப்படும். ஃபேசர், ஃபோட்டான் டார்பிடோ ஆகிய ஆயுதங்கள் ஆயத்தமாகும். எல்லாரும் தத்தம் போர்நிலைகளுக்குச் செல்ல வேண்டும்.

நீல எச்சரிக்கை: வாயேஜர் தொடரில், கப்பலே ஒரு கோளின் தரையில் இறங்கும்போது அறிவிக்கப்படுவது. பொதுவாக ஸ்டார் ட்ரெக்கின் பெரிய கப்பல்கள் கோளைச் சுற்றிக்கொண்டிருக்கும்; பணியாளர்கள் மட்டுமே கீழே செல்வார்கள். வாயேஜர் தரையிறங்கக்கூடிய கப்பல் என்பதால் அதற்கென ஒரு நிலை தேவைப்பட்டது. 1995-இல் ஒளிபரப்பான "தி தேர்ட்டி செவன்ஸ்" என்ற கதையில் இது இடம்பெற்றது.

சாம்பல் நிலை: இதுவும் வாயேஜருக்கு உரியது. 1998-இல் வெளிவந்த "டீமன்" என்ற கதையில் எரிபொருளான டியூட்டீரியம் தீர்ந்துபோகும் நிலை வருகிறது. அப்போது கேப்டன் ஜேன்வே, இன்றியமையாதவை தவிர மற்ற அமைப்புகளை நிறுத்தி ஆற்றலைச் சேமிக்குமாறு உத்தரவிடுகிறார்.

கருப்பு எச்சரிக்கை: 2017-இல் தொடங்கிய டிஸ்கவரி தொடரில் வருவது. அக்கப்பலில் பூஞ்சை வித்துகளைக் கொண்டு இயங்கும் ஒரு சோதனை இயந்திரம் உள்ளது. அது நெடுந்தொலைவை ஒரே தாவலில் கடக்கச் செய்யும். தாவலுக்கு முன் கருப்பு எச்சரிக்கை ஒலிக்கும்.

நீலம், சாம்பல், கருப்பு ஆகிய மூன்றிலும் பகைவர் என்று எவரும் இருக்க வேண்டியதில்லை என்பது கவனிக்கத்தக்கது. கப்பல் வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்யப்போகிறது, எல்லாரும் அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும் என்பதே இவற்றின் பொதுப்பொருள்.

சிவப்பு எச்சரிக்கையின்போது நடப்பவை

முதலில் ஒலியும் ஒளியும் மாறும். முதல் தொடரில் கட்டளைத் தளத்தின் முன்வரிசைப் பலகையில் சிவப்பு விளக்கு மின்னும். சங்கொலி நடைக்கூடங்கள் எங்கும் கேட்கும். 1987-இல் தொடங்கிய "த நெக்ஸ்ட் ஜெனரேஷன்" தொடரில் சுவரோரப் பட்டை விளக்குகள் சிவப்பாக ஒளிரும். மொழி புரியாதவரும், அறிவிப்பைக் கேட்கத் தவறியவரும் உடனே நிலைமையை உணர்ந்துகொள்ள இது உதவுகிறது.

அடுத்து ஆட்கள் இடம் மாறுவார்கள். உறங்குபவர் எழுந்து தம் நிலைக்கு ஓட வேண்டும். மருத்துவப் பிரிவு காயமடைந்தோரை ஏற்க ஆயத்தமாகும். "த நெக்ஸ்ட் ஜெனரேஷன்" தொடரின் எண்டர்பிரைஸ் கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அவர்களில் குழந்தைகளும் குடும்பத்தினரும் உண்டு. ஆகவே அந்தக் கப்பலை இரண்டாகப் பிரிக்கும் வசதி வைக்கப்பட்டது. தொடரின் முதல் கதையிலேயே கேப்டன் பிக்கார்ட், குடும்பங்கள் உள்ள தட்டு வடிவப் பகுதியைப் பிரித்து அனுப்பிவிட்டு, போர்ப்பகுதியுடன் ஆபத்தை எதிர்கொள்கிறார்.

மூன்றாவதாகக் கவசங்கள் எழும். இங்கேதான் விலை தெரிகிறது. ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் கருவி, எழுப்பப்பட்ட கவசத்தின் ஊடே இயங்காது என்பது இக்கதையுலகின் பொது விதி. கோளின் தரையில் தம் ஆட்கள் சிக்கியிருந்தால், கவசத்தை எழுப்பிய கப்பலால் அவர்களை மீட்க முடியாது. மீட்பதற்காகக் கவசத்தை இறக்கினால் கப்பலில் உள்ள அனைவரும் தாக்குதலுக்கு இலக்காவார்கள். கதாசிரியர்கள் இந்த ஒரு விதியைக் கொண்டு கேப்டன்களைப் பலமுறை இக்கட்டில் நிறுத்தியிருக்கிறார்கள்.

வரலாற்றுப் பின்னணி

ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் பி-17 குண்டுவீச்சு விமானத்தை ஓட்டியவர். சி. எஸ். ஃபாரெஸ்டர் எழுதிய ஹொரேஷியோ ஹார்ன்புளோவர் என்ற கடற்படைக் கதாநாயகனைத் தம் கேப்டனுக்கு முன்மாதிரியாகக் கொண்டவர். எனவே அவருடைய விண்கப்பலில் கடற்படை வழக்கங்கள் நிறைந்திருப்பதில் வியப்பில்லை.

பாய்மரக் காலத்தில் போர்க்கப்பலில் முரசு கொட்டினால், எல்லாரும் தத்தம் பீரங்கிக்கும் கயிற்றுக்கும் விரைவார்கள். அதன் தொடர்ச்சியாக அமெரிக்கக் கடற்படையில் "ஜெனரல் குவார்ட்டர்ஸ்" என்ற அறிவிப்பு இன்றும் உள்ளது. ஸ்டார் ட்ரெக்கின் முதல் தொடரிலும் இதே சொல் பல இடங்களில் வருகிறது. அமெரிக்கக் கடற்படை தன் ஆயத்த நிலைகளை எண்களால் குறிக்கிறது. முதலாம் நிலையில் எல்லாரும் போர்நிலையில் இருப்பார்கள். மூன்றாம் நிலை போர்க்காலப் பயணத்துக்கானது. ஆட்களில் ஒரு பகுதியினர் முறை வைத்து ஆயுதங்களருகே இருக்க, மற்றவர்கள் ஓய்வெடுப்பார்கள். நான்காம் நிலை அமைதிக்காலப் பயணத்துக்கு உரியது. முதலாம் நிலையில் ஒரு கப்பல் பல நாள் நீடிக்க முடியாது என்பதாலேயே இடைப்பட்ட நிலைகள் தோன்றின.

கதவுகளுக்கும் தனி நிலைகள் உண்டு. எக்ஸ்-ரே, யோக், ஜீப்ரா என்று அவற்றுக்குப் பெயர். ஜீப்ரா நிலையில் நீர் புகாத கதவுகள் பெரும்பாலும் மூடப்படும். கப்பல் மூழ்காமல் தாக்குப்பிடிக்க அதுவே சிறந்த நிலை. ஆனால் உள்ளே நடமாடுவதும் வேலை செய்வதும் கடினமாகிவிடும். பாதுகாப்பு கூடக் கூட அன்றாட வாழ்க்கை சுருங்கும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

நிறங்களால் எச்சரிப்பதற்கும் முன்னுதாரணங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் வான்தாக்குதல் எச்சரிக்கைகள் நிறப்பெயர் கொண்டவை. மஞ்சள் செய்தி முன்னெச்சரிக்கை. அது உரிய அதிகாரிகளுக்கு மட்டுமே தரப்பட்டது, பொதுமக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. சிவப்புச் செய்தி வந்தால் சங்கு ஒலிக்கும். விமானங்கள் கடந்து சென்றதைப் பச்சை குறித்தது. எச்சரிக்கை விலக்கப்பட்டதை வெள்ளை குறித்தது. சங்கு ஒலிக்கும்போதெல்லாம் தொழிலாளர்கள் பதுங்கிடம் சென்றதால் தொழிற்சாலைகளில் உற்பத்தி தடைப்பட்டது. எனவே 1940-இல் கூரைமேல் காவலர்களை நிறுத்தி, விமானம் உண்மையிலேயே நெருங்கும்போது மட்டும் வேலையை நிறுத்தும் முறை வந்தது. ஸ்டார் ட்ரெக்கின் கேப்டன்களைத் தொல்லைப்படுத்தும் கேள்வி, போர்க்காலத்தில் மெய்யாகவே இருந்த கேள்விதான்.

1966-இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி பரவிக்கொண்டிருந்தது. முதல் தொடரை ஒளிபரப்பிய என்பிசி நிறுவனத்தின் தாய் நிறுவனமான ஆர்சிஏ வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விற்றுவந்தது. நிறத்தால் அறியும் எச்சரிக்கை, அந்தப் புதிய திரைக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

கதைகளில் எச்சரிக்கை நிலைகள்

தாமதமான சிவப்பு

1982-இல் நிக்கலஸ் மேயர் இயக்கத்தில் வெளிவந்த "தி ராத் ஆஃப் கான்" திரைப்படம் இத்துறையில் மிகவும் பேசப்படும் எடுத்துக்காட்டு. எண்டர்பிரைஸ் கப்பல் பயிற்சி மாணவர்களுடன் சென்றுகொண்டிருக்கிறது. ரிலையண்ட் என்ற கப்பல் எதிரே வருகிறது. அதுவும் ஸ்டார்ஃப்ளீட் என்னும் அதே விண்படையைச் சேர்ந்தது. ஆனால் அழைப்புக்குச் சரியான பதில் இல்லை. தொடர்பு கிடைக்காத எந்தக் கப்பல் நெருங்கினாலும் பின்பற்ற வேண்டிய விதி ஒன்றை இளம் அதிகாரி சாவிக் நினைவூட்டத் தொடங்குகிறார். அட்மிரலுக்கு விதிகள் தெரியும் என்று ஸ்பாக் அவரைத் தடுத்துவிடுகிறார். கிர்க் மஞ்சள் எச்சரிக்கையுடன் நிறுத்திக்கொள்கிறார். ரிலையண்டைக் கைப்பற்றியிருப்பவன் பழைய பகைவனான கான் என்பது அவருக்குத் தெரியாது. எதிர்க்கப்பல் கவசத்தை எழுப்பியது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தாக்குதலில் இயந்திரப் பிரிவு சிதைகிறது. பீட்டர் பிரஸ்டன் என்ற சிறுவயதுப் பயிற்சியாளர் உயிரிழக்கிறார்.

கிர்க் விதியை அறியாதவர் அல்லர். தம் படையின் கப்பலையே பகையாகக் கருதி ஆயுதம் ஏந்துவது அவருக்கு முறையாகத் தோன்றவில்லை. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையில் அவர் நின்ற சில நொடிகளுக்குப் பயிற்சி மாணவர்கள் விலை கொடுத்தார்கள். இனி விதிகளைத் தயங்காமல் எடுத்துச் சொல்லும்படி பின்னர் அவரே சாவிக்கிடம் கூறுகிறார்.

இறக்க மறுத்த கவசம்

1967-இல் வெளிவந்த "எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடான்" இதற்கு நேர்மாறான கதை. கிர்க் கோளுக்குச் சென்றிருக்க, தலைமைப் பொறியாளர் ஸ்காட் கப்பலின் பொறுப்பில் இருக்கிறார். எல்லாரும் கீழே வரலாம் என்று கேப்டனின் குரலில் ஒரு செய்தி வருகிறது. ஐயுற்ற ஸ்காட், அது இயந்திரத்தால் செய்யப்பட்ட போலிக்குரல் என்பதைக் கணினியால் கண்டறிகிறார். பின்னர், கப்பலில் உள்ள தூதர் ஃபாக்ஸ் கவசத்தை இறக்குமாறு உத்தரவிடுகிறார். பேச்சுவார்த்தைக்கு வந்த கப்பல் கவசத்துடன் நிற்பது நல்லெண்ணத்துக்கு இழுக்கு என்பது தூதரின் கருத்து. தண்டனைக்கு ஆளானாலும் இறக்கமாட்டேன் என்று ஸ்காட் மறுக்கிறார். கோளில் இறங்கிய தூதர் சிறைபிடிக்கப்படும்போது ஸ்காட் செய்தது சரியென்று தெளிவாகிறது. கப்பலின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர், பதவியில் மேலானவருக்கும் இணங்காமல் நிற்க வேண்டிய தருணம் உண்டு என்பதை இக்கதை காட்டுகிறது.

அச்சத்தால் தளர்பவர்

"தி கார்போமைட் மனூவர்" (1966) என்ற கதையில் கிர்க் மருத்துவப் பரிசோதனையில் இருக்கும்போது எச்சரிக்கை விளக்கு மின்னுகிறது. பார்த்தும் டாக்டர் மெக்காய் சொல்லவில்லை. பரிசோதனையை ஒருமுறையேனும் முடித்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். இது நகைச்சுவையாகக் கடந்துபோகிறது. ஆனால் அதே கதையில் மிகப்பெரிய அன்னியக் கப்பல் ஒன்று எண்டர்பிரைஸை அழிக்கப்போவதாக அறிவிக்கிறது. நேரம் குறையக் குறைய, பெய்லி என்ற இளம் அதிகாரி தாங்க முடியாமல் கூச்சலிடுகிறார். கிர்க் அவரைப் பணியிலிருந்து விலக்குகிறார். தகுதி முதிரும் முன்பே பெய்லிக்குப் பதவி உயர்வு தந்ததாக மெக்காய் கிர்க்கைக் குறைகூறுகிறார். எச்சரிக்கை மணி எல்லாருக்கும் ஒரே விதமாக ஒலிக்கிறது; அதைத் தாங்கும் வலிமை ஆளுக்கு ஆள் மாறுகிறது.

பச்சையின் மறைபொருள்

"பிரெட் அண்ட் சர்க்கஸஸ்" (1968) கதையில் பழைய ரோமானியப் பேரரசைப் போன்ற ஒரு கோளில் கிர்க், ஸ்பாக், மெக்காய் மூவரும் பிடிபடுகிறார்கள். பணியாளர்கள் அனைவரையும் கீழே வரச் சொல்லும்படி கிர்க் மிரட்டப்படுகிறார். அவர் கப்பலை அழைத்து, நிலைமை பச்சை என்று மட்டும் சொல்கிறார். கேட்பவருக்கு அது எல்லாம் நலம் என்பதுபோல் ஒலிக்கும். உண்மையில் அது குறிச்சொல். கேப்டன் ஆபத்தில் இருக்கிறார், ஆனால் கப்பல் தலையிடக் கூடாது என்பது அதன் பொருள். பிற உலகங்களின் வளர்ச்சியில் குறுக்கிடக் கூடாது என்ற முதன்மை விதியைக் காக்கவே இந்தத் தடை. ஆபத்து தெரிந்தும் கைகட்டி நிற்க வேண்டிய ஸ்காட், அந்நகரின் மின்சாரத்தைச் சிறிது நேரம் நிறுத்துவதோடு நின்றுகொள்கிறார்.

எச்சரிக்கை பிறந்த கதை

2001 முதல் 2005 வரை ஒளிபரப்பான "எண்டர்பிரைஸ்" தொடர், கிர்க்கின் காலத்துக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முந்தைய கதை. அப்போது சிவப்பு எச்சரிக்கை என்ற முறையே இல்லை. 2002-இல் வெளிவந்த "சிங்குலாரிட்டி" கதையில், ஆயுத அதிகாரி மால்கம் ரீட் ஒரு போர்முறை எச்சரிக்கையை வகுக்க முயல்கிறார். அதை அவர் பெயராலேயே "ரீட் அலர்ட்" என்று அழைக்கலாம் என்று பொறியாளர் டக்கர் வேடிக்கை செய்கிறார். "ரெட் அலர்ட்" என்ற பிற்காலப் பெயருடன் அது ஒலியில் ஒத்திருப்பதே வேடிக்கையின் உயிர்.

அக்கதையில் ஒரு விண்வெளிக் கதிர்வீச்சு, கப்பலில் உள்ளவர்களைச் சிறு வேலைகளில் வெறிகொள்ளச் செய்கிறது. ஒருவர் கேப்டனின் நாற்காலியைத் திருத்துவதில் மூழ்குகிறார், இன்னொருவர் சமையலில் மூழ்குகிறார். ரீட் தம் எச்சரிக்கை ஒலியைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். ஒத்திகைகளால் எல்லாரும் எரிச்சலடைகிறார்கள். அளவுக்கு மீறிய விழிப்பும் ஒரு நோயாகலாம் என்பது இங்கே தெரிகிறது. ஆனாலும் கப்பல் தப்பிச் செல்லும் வேளையில் ஆயுதங்கள் விரைவாக ஆயத்தமாக அவருடைய முறையே உதவுகிறது.

பிற படைப்புகளில்

2004-இல் தொடங்கிய "பேட்டில்ஸ்டார் கேலக்டிகா" தொடரில் நிறத்துக்குப் பதிலாக எண் வருகிறது. முதலாம் நிலை என்பதே உச்சம். ஸ்டார் ட்ரெக்கிலும் எழுதிய ரொனால்ட் டி. மூர் இதை உருவாக்கினார். அதன் "33" என்ற கதையில், பகைவர்கள் 33 நிமிடங்களுக்கு ஒருமுறை தாக்குகிறார்கள். ஐந்து நாளுக்கும் மேலாக எவருக்கும் உறக்கமில்லை. எச்சரிக்கை இறங்காமலே இருந்தால் மனிதர்கள் எப்படிப் பிழை செய்யத் தொடங்குவார்கள் என்பதை அக்கதை காட்டுகிறது.

"ரெட் டுவார்ஃப்" என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில், சிவப்பு எச்சரிக்கைக்கு மாறச் சொன்னால் அதற்கு விளக்குக் குமிழை மாற்ற வேண்டுமே என்று கிரைட்டன் என்ற இயந்திர மனிதன் தயங்குகிறான். ஆளும் செயலும் மாறாவிட்டால் சிவப்பு எச்சரிக்கை வெறும் விளக்குதான் என்பதை இந்த நகைச்சுவை சுட்டுகிறது.

எச்சரிக்கையை விலக்குதல்

எச்சரிக்கையை விடுப்பது போலவே அதை விலக்குவதும் பொறுப்பில் இருப்பவரின் முடிவாகும். ஆபத்து நீங்கியதும் போர்நிலையிலிருந்து விலகும்படி அறிவிப்பு வரும், கவசங்கள் இறங்கும், நிறுத்தப்பட்ட வேலைகள் தொடரும். எல்லா வேலைகளும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை.

இதற்குச் சிறந்த சான்று "பேலன்ஸ் ஆஃப் டெரர்" (1966) என்ற கதை. கப்பலின் வழிபாட்டுக் கூடத்தில் ராபர்ட் டாம்லின்சன், ஏஞ்சலா மார்ட்டீன் இருவருக்கும் கிர்க் திருமணம் நடத்தத் தொடங்கும்போது, எல்லைக் காவல் நிலையம் தாக்கப்படும் செய்தி வருகிறது. சடங்கு பாதியில் நிற்க, மணமக்கள் உட்பட எல்லாரும் தத்தம் இடங்களுக்கு ஓடுகிறார்கள். கண்ணுக்குப் புலப்படாமல் மறையக்கூடிய ரோமுலன் கப்பலுடன் நீண்ட போராட்டம் நடக்கிறது. ஒரு கட்டத்தில் இரு கப்பல்களும் ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக அசையாமல், ஓசையின்றிக் காத்திருக்கின்றன. இறுதியில் எண்டர்பிரைஸ் வெல்கிறது. அதன் தரப்பில் இறந்தவர் ஒருவர் மட்டுமே; அவர் ஆயுத அறையில் பணியில் இருந்த டாம்லின்சன். போர்நிலை நீங்கிய பின் கிர்க் அந்த வழிபாட்டுக் கூடத்துக்குச் சென்று ஏஞ்சலாவுக்கு ஆறுதல் சொல்ல முயல்கிறார். பின்னர் வெளியே வந்து, பணியாளர்கள் தம் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் நடைக்கூடத்தில் நடந்து செல்கிறார்.